மொட்டைத் தரையும் கொழிஞ்சியும்

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் தென்னந்தோப்பின் தரை மொட்டையாக இருக்க வேண்டும். அப்போதுதான் தோப்புக்காரருக்கு உழைப்பாளி என்று பெயர். டிராக்டர் விட்டு, மண்ணைச் சுழற்றிக் கிளறும் ரோட்டவேட்டர் அடித்து, பேருக்கு ஒரு புல்கூட இல்லாமல், மரமும் மணலும் மட்டும் கண்ணில் பட்டால் சாலையில் போகிறவர்கள் வண்டியை மெதுவாக்கி, ‘எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்’ என்பார்கள். எங்கள் தென்னங்கொல்லையைப் பார்த்து இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை. முழங்கால் உயரத்துக்கு, நாங்களே விதைத்த கொழிஞ்சிச் செடி படர்ந்து கிடக்கிறது. கொல்லையைக் காடாக்கிவிட்டேன் என்று ஊரில் பேச்சு. சித்தப்பாவிடம் துக்கம் விசாரிக்கிற குரலிலேயே கேட்டிருக்கிறார்கள்.

இந்தச் சுத்தம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிவதில்லை. வீட்டு வாசலைக் கூட்டுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஏக்கர் கணக்கில் மண்ணைக் கூட்டி வைப்பதில் என்ன நியாயம்? எங்கள் பக்கத்து மண் மணல் கலந்த செம்மண். சித்திரை வெயிலில் அதன்மேல் செருப்பில்லாமல் நிற்க முடியாது. அந்தச் சூட்டில் மேல்மண்ணில் இருக்கிற ஈரமும் போகும், மக்கும் போகும், மண்புழுவும் அடியாழத்துக்கு இறங்கிவிடும். பிறகு ஐப்பசியில் அடைமழை பிடித்தால், மறைப்பு எதுவும் இல்லாத மண்ணில் துளி நேராக விழுந்து மேலே ஓர் ஏடு கட்டும். தண்ணீர் உள்ளே இறங்காமல் வாய்க்காலைப் பார்த்து ஓடும். ஓடும்போது நாம் போட்ட எருவையும் கூட்டிக்கொண்டு ஓடும். இதில் வருஷத்துக்கு இரண்டு முறை உழவு வேறு. தென்னையின் வேலை செய்யும் வேர்களில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி ஆறேழு அடிக்குள்ளேயே இருக்கிறது. ரோட்டவேட்டர் மரத்தை நெருங்கும்போதெல்லாம் அதில் மேலாக ஓடுவதை நறுக்குகிறது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் கரையேறியபோது எங்கள் கொல்லையில் பாதிக்கும் மேலான மரங்கள் சாய்ந்தன. அந்தக் கதையைப் பல பேர் எழுதிவிட்டார்கள். நான் மறுபடி எழுதப்போவதில்லை. எனக்கு இங்கே வேண்டியது அதன் பிறகு நடந்த ஒன்றுதான். நிழல் போனது. முப்பது நாற்பது ஆண்டுகளாக வெயில் படாத தரையில் வெயில் விழுந்தது. விழுந்த மரங்களை அப்புறப்படுத்த வந்த ஜேசிபி மேல்மண்ணைக் கிளறிப் போட்டுவிட்டுப் போனது. இருபத்தைந்து அடி இடைவெளியில் புதுக் கன்றுகளை வைத்தாகிவிட்டது. அவை நிழல் தர இன்னும் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை நடுவில் கிடக்கிற அந்தப் பெரிய வெற்று மணலை என்ன செய்வது?

ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். நிலக்கடலை போடலாம் என்றார் ஒருவர். வாழை வைக்கலாம் என்றார் இன்னொருவர். தண்ணீர் இருந்தால் இரண்டும் நல்ல யோசனைதான். எங்கள் போர்வெல் கன்றுகளுக்கே இழுத்துப் பிடித்துத்தான் ஊற்றியது. தண்ணீர் கேட்காத, ஆள் கேட்காத, வேலி கேட்காத ஒரு செடி வேண்டும். அது கொல்லையின் வேலியோரத்திலேயே முளைத்துக் கிடந்தது.

கொழிஞ்சியை அறியாதவர்களுக்கு: அவுரியைப் போல ஒரு காம்பில் இரு வரிசையாகச் சிற்றிலைகள், வெளிறிய பச்சை. ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த சின்னப் பூக்கள் நுனியில் கொத்தாக நிற்கும். அடியிலிருந்தே பல கிளைகள் பிரிந்து பக்கவாட்டில் சாயும். விட்டால் இடுப்பளவுகூட உயரும். மிதிபடுகிற இடத்திலும் வெறும் மணலிலும் தரையோடு படுத்துக்கொள்ளும். தண்டு விறைப்பானது, கையால் பிடுங்க முயன்றால் கைதான் சிவக்கும். அவுரியோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க இரண்டு வழிகள். காயைப் பாருங்கள்: அவுரியின் காய் உருண்டு மெலிந்திருக்கும், கொழிஞ்சியின் காய் தட்டை, நுனியில் லேசான வளைவு. காய் இல்லாத காலமென்றால் ஒரு சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். நேர்க்கோட்டில் கிழியாது, நரம்பின் சாய்விலேயே பிளந்து, அம்பின் வால் இறகு மாதிரி கூராக வரும். சின்ன வயதில் இதை வைத்து விளையாடாதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. என் மகளுக்கும் இந்தச் செடியில் பிடித்த ஒரே விஷயம் இதுதான்.

பழைய ஆட்களிடம் கொழிஞ்சி என்றால் அவர்கள் சொல்வது வயலைப் பற்றி. நடவுக்கு முன் சேற்றில் தழை மிதிப்பது ஒரு பெரிய வேலை. பூவரசு, புங்கு, வேம்பு, எருக்கு, ஆவாரை, கொழிஞ்சி என்று கிடைத்ததையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து சேற்றில் பரப்பி மிதிப்பார்கள். மேட்டூர் அணை 1934-இல் முடிந்து, கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்து, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைச் சீமை புது டெல்டாவாக மாறியபோதும் மேட்டு நிலம் மேட்டு நிலமாகவே இருந்தது. அங்கே விளைந்த தழை பள்ளத்து வயலுக்குப் போனது. ஒருபோகம் மட்டும் நடக்கிற வயல்களில் அறுவடை முடிந்ததும் கொழிஞ்சியை விதைத்துவிடுகிற வழக்கமும் இருந்தது. ஒருமுறை விதைத்தால் உதிர்ந்த விதையிலிருந்து அடுத்தடுத்த ஆண்டுகளில் தானே முளைக்கும். மழை வந்ததும் மடக்கி உழவேண்டியதுதான்.

பிறகு யூரியா மூட்டை வந்தது. அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே நிற்கிற பயிரில் உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடும் பழக்கம் டெல்டாவில் ஊன்றிப்போனது. உளுந்து காசு தருகிறது, கொழிஞ்சி தருவதில்லை. அதற்காக யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உடனே தழை வேண்டுபவர்கள் சணப்பையும் தக்கைப்பூண்டும் போட்டுக்கொள்கிறார்கள். அவை ஆறேழு வாரத்தில் ஆளுயரம் வந்துவிடும். கொழிஞ்சிக்கு அந்த அவசரமெல்லாம் தெரியாது. வயலில் அது தோற்றது அதன் மந்தத்தால். தோப்பில் அது ஜெயிப்பதும் அதே மந்தத்தால்தான் என்பது என் கட்சி. ஒரு பருவத்தில் எழும்பி விழுந்து மக்கிப்போகிற செடி எனக்கு எதற்கு? கோடையிலும் நிற்கிற செடிதான் வேண்டும். கொழிஞ்சியின் ஆணிவேர் ஆழமாகப் போகிறது. வைகாசியில் அருகம்புல்கூடக் கருகிக் கிடக்கிறபோது இது இலையைக் கொஞ்சம் உதிர்த்துவிட்டு மிச்சத்தோடு நிற்கும்.

இன்னொரு காரணம் மாடு. எங்கள் பக்கத்தில் அறுவடை முடிந்தால் மாடுகள் அவிழ்த்துவிட்ட மாடுகள்தான். வேலி என்பது ஒரு மரியாதைக்கு இருக்கிறது. காராமணி போட்டால் மாட்டுக்கு, கொள்ளு போட்டால் ஆட்டுக்கு. கொழிஞ்சியை மாடு முகர்ந்துவிட்டுத் தாண்டிப் போகும். ஆடு, பசி மிகுந்தால், நுனியை ஒரு கடி கடித்துப் பார்த்து விட்டுவிடும். தரையை மூட ஒரு செடியைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் பூவின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் ஊர் மாடுகளைப் பார்க்க வேண்டும்.

விதையில்தான் சூட்சுமம். நர்சரியில் கொழிஞ்சி கிடைக்காது, கேட்டால் சிரிப்பார்கள். வாய்க்கால் கரை, ரயில் பாதையோரம், சுடுகாட்டு மேடு என்று எங்கும் கிடக்கிறது. தை, மாசியில் காய்கள் பழுப்பாகும்போது காலையில், பனி ஈரம் உலர்வதற்குள் பறிக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் காய்கள் முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைத் தெறித்துவிடும். பறித்ததைப் பழைய வேட்டியில் கட்டி வெயிலில் வைத்தால் மூட்டைக்குள்ளேயே வெடித்து விதை அடியில் சேரும்.

அந்த விதையை அப்படியே தூவினால் ஏமாற்றம்தான். மேல்தோல் கெட்டியானது, தண்ணீரை உள்ளே விடாது. ஒரே மழையில் எல்லாம் முளைத்து ஒரே காய்ச்சலில் எல்லாம் சாகக் கூடாது என்பதற்குச் செடி செய்துகொண்ட ஏற்பாடு அது. கொஞ்சம் இந்த ஆண்டு, கொஞ்சம் அடுத்த ஆண்டு, இன்னும் கொஞ்சம் யாருக்கும் தெரியாத ஆண்டில். நமக்கு அவ்வளவு பொறுமை இல்லாததால் இரண்டு வழிகள். மணலோடு சேர்த்துச் சாக்கில் போட்டுத் தேய்க்கலாம். அம்மியிலோ உரலிலோ போட்டால் விதை நசுங்கிவிடும். இல்லையென்றால் 55 டிகிரி வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுக்கலாம். வெப்பமானி இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு: நம் ஊர்ச் சூட்டில், ஒரு பங்கு கொதிக்கிற தண்ணீரோடு இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பச்சைத் தண்ணீர் சேர்த்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வரும். விதையை எடுத்து நிழலில் ஆற்றி அன்றைக்கோ மறுநாளோ விதைத்துவிட வேண்டும். எல்லா விதையையும் இப்படிச் செய்ய வேண்டியதில்லை. கால்வாசியைத் தேய்க்காமல் கலந்துவிடுகிறேன். முதல் மழை ஏமாற்றினால் பின்னால் முளைக்க ஆள் வேண்டுமே.

மடக்கி உழுகிற பசுந்தாள் உரத்துக்கென்றால் ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதை. தோப்பில் மரத்தைச் சுற்றி ஆறடி வட்டத்தை விட்டுவிட வேண்டும் என்பதால் அதைவிடக் குறைவாகவே போதும். அந்த வட்டம் தென்னைக்குரியது. அங்கே எருவும், காய்ந்த மட்டையும், தேங்காய் மட்டைச் சோறும் போட்டு மூடுகிறோம். கொழிஞ்சி அதற்கு வெளியேதான். விதைக்கிற காலம் ஆவணிக் கடைசியும் புரட்டாசியும். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன் செடி வேர்பிடித்துவிட வேண்டும். ஐப்பசி அடைமழையில் விதைத்தால் விதை வாய்க்காலோடு போய் அடுத்தவர் கொல்லையில் முளைக்கும். அவர் சந்தோஷப்படமாட்டார்.

முதல் ஆண்டுதான் சோதனை. முளைத்து ஒரு மாதம் ஆனாலும் நான்கு விரல் உயரம்தான் இருக்கும். அதற்குள் கோரையும் நாயுருவியும் தலைக்குமேல் போய்விடும். இந்தக் கட்டத்தில் மனம் வெறுத்து டிராக்டரைக் கூப்பிட்டவர்களை எனக்குத் தெரியும். நாங்கள் கொழிஞ்சியோடு கொள்ளு விதையையும் அடர்த்தியில்லாமல் தெளித்தோம். கொள்ளு சீக்கிரம் படர்ந்து மண்ணை மூடி, தை வாக்கில் காய்ந்து விழுந்து, இடத்தைக் கொழிஞ்சிக்குக் கொடுத்துவிடும். ஆட்டுக்குப் போனதுபோகக் கொஞ்சம் கொள்ளும் கிடைத்தது, அது ரசமாயிற்று. இருந்தாலும் கோரையைக் களைக்கொட்டால் கொத்திய வேலையிலிருந்து தப்ப முடியவில்லை. கோரைக்கு நிழல் ஆகாது. கொழிஞ்சி ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்ட இரண்டாம் ஆண்டில் கோரை மெலியத் தொடங்கியது. ஒழிந்தது என்று சொல்லமாட்டேன். கோரை ஒழிந்த மண் டெல்டாவில் எங்கே இருக்கிறது?

ஆண்டுக்கு ஒருமுறை வெட்டுகிறோம். ஆடியில், ஒரு சாண் விட்டு, அரிவாளால். வெட்டுப்பட்ட இடத்துக்குக் கீழே நாலைந்து கிளை வெடித்துச் செடி உயரத்தை விட்டுவிட்டு அகலத்தைப் பிடிக்கும். வெட்டிய தழை மரத்தடி வட்டத்துக்குப் போகும். அதுதான் எங்கள் தோப்பின் தழை உரம். பயறுக் குடும்பத்துச் செடி என்பதால் வேரில் முடிச்சுகள் உண்டு. மழைக்காலத்தில் ஒரு செடியை மண்ணோடு அகழ்ந்து முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது காற்றிலுள்ள தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். வேலியோரத்தில் மட்டும் ஒரு வரிசையை வெட்டாமல் விடுகிறோம், விதைக்காக.

எப்படி இருக்கிறது என்று பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் மார்கழி, தையில் வருகிறார்கள். பூத்திருக்கும், தேனீ மொய்க்கும், படம் எடுப்பார்கள். அது பரீட்சையே இல்லை. மார்கழியில் எந்தத் தரையும் பச்சைதான். சித்திரை நடுமதியத்தில் வந்து, கிளையை ஒதுக்கி, மண்ணில் உள்ளங்கையை வைக்கச் சொல்கிறேன். பிறகு பக்கத்துத் தோப்பு மணலில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். இரண்டாவதில் யாரும் கையை வைத்திருப்பதில்லை.

மண்ணை மூடி வைப்பதைக் குறிக்கும் மூடாக்கு என்ற சொல்லை இந்தப் பக்கத்து விவசாயிகளின் வாயில் பழக்கியதில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் 2013 டிசம்பர் 30-இல் காலமானதும் பட்டுக்கோட்டையை அடுத்த அத்திவெட்டியில்தான். ஆனால் மூடாக்கு என்றாலே காய்ந்த சருகும் வைக்கோலும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வைக்கோல் மாட்டுக்கே போதவில்லை. அறுவடை இயந்திரம் நொறுக்கிப் போட்டதைக் கட்டிக் கொண்டுவருவதற்கு ஆகிற கூலியில் வைக்கோலையே வாங்கிவிடலாம். ஓரிடத்தில் நின்று தானே வளர்ந்து தானே உதிர்க்கிற உயிர்மூடாக்குக்கு அந்தச் செலவு இல்லை.

எதிர்ப்புகளில் நியாயமானவையும் உண்டு. தேங்காய் வெட்டுக்கு வருகிற அண்ணனுக்கு இந்தச் செடி அறவே பிடிக்காது. துரட்டியில் அறுத்துவிட்ட காய் செடிக்குள் உருண்டு மறைந்துவிடுகிறது; பொறுக்குகிற அம்மாக்கள் குனிந்து விலக்கித் தேட வேண்டியிருக்கிறது. ஒரு வெட்டுக்கு அரைநாள் கூலி கூடுதலாகக் கொடுக்கிறோம். சித்தப்பா இதை வெட்டு வரும் ஒவ்வொரு 45 நாளைக்கும் ஒருமுறை எனக்கு நினைவூட்டுகிறார். “உன் கொழிஞ்சிக்குக் கூலி கொடுத்தாகிவிட்டது அம்மாடி” என்று போன் வரும். யூரியாவுக்குக் கொடுக்காமல் விட்டதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

பாம்பு இன்னொன்று. கண்ணாடி விரியன் இருக்கிற ஊர். அடர்ந்த செடி வீட்டுப் படிவரை வரக்கூடாது. நடைபாதைக்கு இரண்டு பக்கமும் ஆளகலம் வெறுமையாக விட்டிருக்கிறோம். மாலைக்குப் பிறகு டார்ச் இல்லாமல் யாரும் உள்ளே போவதில்லை. ஆடியில் வெட்டும்போது தடியால் தட்டிக்கொண்டே போக வேண்டும். மீன் குட்டை வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும்: கொழிஞ்சியில் மீனை மயக்கிக் கொல்லும் நச்சு இருக்கிறது. வெட்டிய தழையைக் குட்டைக் கரையில் குவிக்காதீர்கள்.

இத்தனையும் மணலுக்கும் செம்மண்ணுக்கும் சொன்னது. கும்பகோணம், திருவாரூர்ப் பக்கத்துக் களிமண்ணில் இதை முயன்று என்னைத் திட்டாதீர்கள். தண்ணீர் தேங்கினால் கொழிஞ்சி அழுகிவிடும். அந்த மண்ணுக்கு வரப்பிலேயே ஒரு செடி இருக்கிறது: பொடுதலை. கணுவுக்குக் கணு வேர்விட்டுத் தரையை ஒட்டிப் படரும், மிதித்தாலும் தாங்கும், ஈரம் அதற்கு விருந்து. வெள்ளையும் இளஞ்சிவப்புமாகச் சின்னத் தலைப்பூக்கள். துவையலும் அரைக்கலாம். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கத்துக் கடல்மணல் என்றால் சங்கப் புலவர்கள் நெய்தலில் வைத்துப் பாடிய அடும்புக் கொடி இருக்கிறது. உப்புக்காற்றில் மணலைப் பிடித்து வைக்க அதைவிடக் கெட்டிக்காரச் செடி அங்கே இல்லை. ஒரே டெல்டா என்கிறோம், மண் மூன்று விதமாக இருக்கிறது.

ஆனால் தஞ்சாவூரில் புதிதாகக் கட்டுகிற வீடுகளின் முன்னால் நான் பார்ப்பது இந்த மூன்றில் ஒன்றையும் அல்ல. மஞ்சள் பூப்பூக்கிற வெடெலியாவைத்தான். மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த செடி. உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. நர்சரிக்காரர் ‘ஒரு வாரத்தில் மூடிவிடும் சார்’ என்று விற்கிறார். அவர் சொல்வது உண்மைதான். மூடிவிடும். வீட்டுத் தரையை மூடிவிட்டு மதிலைத் தாண்டி வாய்க்காலுக்கும் போய்விடும். பணம் கொடுத்து வாங்கி வைத்ததைப் பணம் கொடுத்து அப்புறப்படுத்தியவர்கள் என் அலுவலகத்திலேயே இருக்கிறார்கள்.

எங்கள் கொல்லையின் வடக்கு மூலையில் புயலுக்குத் தப்பிய பழைய மரங்கள் நெருக்கமாக நிற்கின்றன. நாலு மணிநேரம்கூட வெயில் விழாத இடம். கொழிஞ்சி அங்கே முளைக்கிறது, நூலாக இழுத்துக்கொண்டு வளர்கிறது, அடுத்த ஆண்டு இல்லாமல் போகிறது. மட்டையைப் போட்டு மூடிவிட்டு வேறு வேலையைப் பார் என்கிறார் சித்தப்பா. நிழல் தாங்குகிற நம் ஊர்ச் செடி ஏதாவது அகப்படும் என்று நான் வேலியோரங்களில் தேடிக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு அங்கே மட்டைதான் கிடக்கிறது.